அக்காவுக்குக் குளிர வேண்டும்

மலையைப் படம் பிடிக்கிறவனுக்குப் படத்தில் மலை விழுந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயதில், ஸ்டூடியோக்காரர் தன் முதல் பெரிய படத்தைக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினார். அக்கா தன் சலவைக் கடையில் யாரோ ஒருவருடைய கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள், படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உயரத்தில் சாலை கடந்துபோகும் ஒரு கணவாய். அதற்குப் பின்னால் அடுக்கடுக்காக மலைகள். பாறையில் இருந்த விரிசல்கூட விட்டுப்போகாத துல்லியம்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஆனா குளிரலையே,” என்றாள்.

இதென்ன பேச்சு? படம் எங்கேயாவது குளிருமா? வேறு யாராவது சொல்லியிருந்தால் ஸ்டூடியோக்காரர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சொன்னது அக்கா ஆயிற்றே. அவர் பிறந்த கையோடு அம்மா போய்விட்டாள். அப்பா லாரி ஓட்டினார், வீட்டில் இருந்த நாள்களைவிடச் சாலையில் இருந்த நாள்கள் அதிகம், அவரும் சீக்கிரமே கண்ணை மூடிவிட்டார். எட்டு வயது மூத்த அக்காதான் குளிப்பாட்டி, சோறூட்டி, முதுகில் நாலு வைத்து ஆளாக்கியவள். ஊரே சேர்ந்து தலைமேல் தூக்கி வைத்து ஆடினாலும் அக்கா ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது. அன்றைக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருஷம், ஒவ்வொரு படமும் முதலில் அந்த இஸ்திரி மேசைக்குத்தான் போயிற்று.

பிழைப்பு என்னவோ ஸ்டூடியோவில்தான். கடிகாரக் கடைக்குப் பக்கத்தில், வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெள்ளைத் திரை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற சுழல் ஸ்டூல். “மோவாயக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க, ஆச்சு,” என்று நாள் முழுக்க பாஸ்போர்ட் படம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆள் மாறிவிடுவார். துருத்தி வைத்த பழைய பெரிய காமிராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மலை, ஏரி, ஆற்றங்கரை என்று கிளம்பிவிடுவார். கல்யாணம் கூடிவந்த இரண்டு தடவையும் பெண் பார்க்கப் போகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டது. அவர் போகவில்லை. அக்கா ஒரு மாதம் பேசவில்லை, படத்தை மட்டும் வாங்கிப் பார்த்தாள்.

குளிரவைக்கத்தான் மனிதர் என்ன பாடு பட்டார். குளிர் காலத்தில் போய் எடுத்தால் குளிரும் என்று நினைத்தார். ஸ்வெட்டர் போடாமல் நின்று எடுத்தார். நெஞ்சில் சளி கட்டியதுதான் மிச்சம். “படத்துல வெயில் காயுது,” என்றாள் அக்கா. பிறகு கலரில் நீலத்தை ஏற்றிப் பிரதி எடுத்துப் பார்த்தார். அதை வாங்கிப் பார்த்த அக்கா, “எதுக்குடா இவ்வளவு நீலம் முக்கியிருக்க? வெள்ளைச் சட்டையா இது?” என்று கேட்டாள். அத்தோடு கலரைக் கைவிட்டுக் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பினார்.

கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது மூக்கு. ஒரு நாள் ஏரிக்கரையில் காமிராவைத் தயாராக வைத்துவிட்டு அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, பனிமூட்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாசனை வந்தது. நனைந்த கல், அழுகிய இலை, அதற்கு அடியில் என்னவென்று சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று. அது தொண்டையைத் தொட்டதும் நெஞ்சுக்குள் யாரோ பிடித்து அழுத்துகிற மாதிரி இருந்தது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அந்த நிமிஷம் பொத்தானை அழுத்தினார். அந்தப் படத்தை ஒரு டாக்டர் வாங்கித் தன் கிளினிக்கில் மாட்டினார். அதற்கு எதிரே காத்திருக்கிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள் என்று நர்ஸ் சொன்னாளாம். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். “இப்ப ஈரம் தெரியுது. பரவாயில்லையே,” என்றாள். உச்சி குளிர்ந்துபோய் அவர் காத்திருக்க, “குளிர்தான் இன்னும் வரலை,” என்று முடித்தாள்.

அன்றிலிருந்து வாசனை வராமல் அவர் படம் எடுத்ததில்லை. போகிறபோது ஒரே ஒரு ஃபிலிம்தான் கொண்டுபோவார். “ரெண்டு இருந்தா மனசு ரெண்டாவதுக்குப் போயிடும்,” என்பார். அந்தக் காமிராவுக்கும் ஒரு குணம் உண்டு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்பக்கக் கண்ணாடியில் காட்சியைத் தலைகீழாகப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் ஃபிலிமைச் செருகிவிட்டால் கண்ணாடி மறைந்துவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் படாமல் ஃபிலிமை மூடியிருக்கும் மெல்லிய தகட்டை உருவிவிட்டு, காமிராவுக்குப் பக்கத்தில் நின்று வெறுங்கண்ணால் மலையைப் பார்த்துக்கொண்டு வயர் நுனியில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். தகட்டை உருவ மறந்தால் போச்சு, ஃபிலிமில் ஒன்றுமே விழாது. கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு அது. அவர் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

வருஷங்கள் ஓடின. அக்கா புருஷனையும் பறிகொடுத்தாள், மகனைப் படிக்கவைத்துப் பெரிய வேலைக்கு அனுப்பினாள், கடையை மட்டும் விடவில்லை. அவள் தலைக்கு மேலே ஒரு ஃபேன் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே மழை கொட்டும், வாடிக்கையாளர்கள் நடுங்குவார்கள், ஃபேன் ஓடும். “இத்தனை வருஷம் பெட்டிக்குப் பக்கத்துலயே நின்னு என் உடம்புக்குள்ளயே அடுப்பு எரியுது. இந்த ஃபேன் நின்னா நான் நின்னுடுவேன்,” என்பாள். அந்த ஃபேனுக்குக் கீழேதான் படங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ப்புக்கு வரும். காத்து வந்துடுச்சு என்பாள் ஒரு தடவை. தண்ணி சத்தம் கேக்குது என்பாள் இன்னொரு தடவை. குளிர் மட்டும் வந்தபாடில்லை. ஏதோ ஒரு போட்டோ சங்கம் அவருக்குக் கேடயம் கொடுத்தது. காகிதம் பறக்காமல் இருக்க அதைக் கல்லாமேல் வைத்துக்கொண்டாள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை, கேடயத்துக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்துவிட்டார்.

அப்புறம் ஊரெல்லாம் பரவிய அந்தக் காய்ச்சல் அவருக்கும் வந்தது. காய்ச்சல் விட்டது, மூக்கு போய்விட்டது. காப்பி வெந்நீராக இருந்தது. இருட்டறையில் மூக்கைத் துளைக்கிற மருந்துத் தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. டாக்டர் வரும் என்றார், அப்புறம் வரலாம் என்றார், அப்புறம் பேச்சை மாற்றினார். ஸ்டூடியோக்காரர் பழக்கத்தில் ஏரிக்குப் போனார். பனி வந்தது, கரையை மூடியது, அழகாக விலகியும் போனது. எப்போது அழுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஃபிலிமை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். காமிராவைப் பரண்மேல் ஏற்றினார். பாஸ்போர்ட் படம் எடுக்க மூக்கு தேவையில்லை அல்லவா, அது பாட்டுக்கு நடந்தது.

அதே சமயத்தில் அக்கா மகன் வந்து நின்றான். “அம்மா, போதும். கடையை மூடு, என்கூட வா,” என்றான். அவன் இருப்பது கடலோரத்து நகரம், வருஷம் முழுக்க வேர்த்துக் கொட்டும் ஊர். முட்டி வலியால் அக்காவுக்கும் நிற்க முடியவில்லை. சரி என்றுவிட்டாள். ஸ்டூடியோக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா போகப்போகிறாள், அவள் வாயால் ஒரு தடவை குளிருது என்று கேட்காமலே காலம் முடிந்துவிடும் போலிருக்கிறது. அதற்கு எடுக்க வேண்டிய படத்தை எடுக்க மூக்கு இல்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அறுபது தாண்டிய ஆள் இதற்காக ஸ்டூடியோவின் வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தார்.

“எங்கடா, இப்பல்லாம் படமே வர்றதில்ல?” என்று கேட்டாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே.

“மூக்கு போச்சுக்கா.”

“மூக்கு போனா என்ன? படம் எடுக்கக் கண்ணுதான வேணும்?”

“கண்ணு எல்லாருக்கும் இருக்குக்கா. எப்ப அழுத்தணும்னு எனக்கு மூக்குதான் சொல்லும்.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “என் மூக்கு நல்லாத்தான இருக்கு? கூட்டிட்டுப் போ. வாசனை வந்தா சொல்றேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் ஒரு படம் விடாமல் அக்காவிடம் காட்டியிருக்கிறார். படத்தில் இருக்கும் இடத்துக்கு அக்காவைக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கடை இருக்கிறது, வரமாட்டாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். கேட்டால்தானே தெரியும்? கேட்கவே இல்லையே மனிதர்.

கடிகாரக்கடைக்காரர் தன் காரைக் கொடுத்தார். இடப்பக்கம் திரும்பினால் தானாக ஹாரன் அடிக்கும் கார் அது. “நேராவே போங்க, ஒண்ணும் பண்ணாது,” என்று வழியனுப்பினார். மலைச்சாலையில் எங்கே நேராகப் போவது? ஹாரன் அடித்துக்கொண்டே ஏறினார்கள். அக்கா ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு வாய் மூடாமல் பேசிவந்தாள். ஸ்டூடியோவை எப்படிப் பெருக்குவது, சட்டைக் காலரை எப்படித் துவைப்பது, தனியாக இருக்கிறவன் எதை எல்லாம் தின்னக் கூடாது. கணவாய் நெருங்கியதும் பேச்சு குறைந்தது. அட்டை மடியில் விழுந்தது.

“இங்க நிறுத்து,” என்றாள்.

“வியூ பாயிண்ட் இன்னும் மேல இருக்குக்கா. நான் எப்பவும் அங்கதான் எடுப்பேன்.”

“தெரியும், தெரியும். இங்க நிறுத்து.”

அது சும்மா ஒரு வளைவு. சாலையோரம் லாரி ஒதுங்குகிற அளவுக்குக் கொஞ்சம் வெற்று இடம், பாதி இடிந்த தடுப்புச் சுவர், பாறைக்கு அடியில் ஓடுகிற சின்ன ஓடை. அவர் எத்தனையோ தடவை கடந்துபோன இடம். அக்கா இறங்கி, மெதுவாக நடந்து, அந்த வெற்று இடத்தில் போய் நின்றாள். அவர் காமிராவை மலைப்பக்கம் திருப்பி நிறுத்தி, எல்லாம் சரிபார்த்து, ஃபிலிமைச் செருகினார்.

“வாசனை வந்தா சொல்லுக்கா.”

“டீசல் வாசனை வருது.”

“அது நம்ம கார்.”

“அப்ப பொறு.” அக்கா மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். “இப்ப கல்லு வாசனை. ஈரக் கம்பளிய இஸ்திரி போட்டா வருமே, அது மாதிரி.” பிறகு மலையைப் பார்த்தபடியே சொன்னாள். “இங்கதான்டா அப்பா லாரிய நிறுத்துனாரு. ஒரே ஒரு தடவை நம்ம ரெண்டு பேரையும் ஏத்திட்டு வந்தாரு. உனக்கு நாலு வயசு. நீ முன்னாடி உக்காந்து ஸ்டியரிங்க நான்தான் ஓட்டுவேன்னு ஒரே அழுகை.”

அவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. “எனக்கு ஞாபகமே இல்லக்கா.”

“உனக்கு எங்க இருக்கும்? இறங்கின உடனே பனி வந்து மூடிடுச்சு. பக்கத்துல நிக்கற அப்பாவே தெரியல. அவரு கோட்டக் கழட்டி நம்ம ரெண்டு பேர் மேலயும் போட்டாரு. நீ உன் கை ரெண்டையும் என் கக்கத்துல விட்டுட்ட. யப்பா, ஐஸ் கட்டி. எடுடா, எடுடான்னா எடுக்கமாட்டேங்கற. நான் நடுங்கறேன், நீ சிரிக்கற, அப்பா சிரிக்கறாரு. அப்பா அப்படிச் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.”

“முதல் படத்தக் காட்டினப்பவே இந்த இடம்னு தெரிஞ்சுதா?”

“தெரியாம என்ன?”

“ஏன்க்கா சொல்லல?”

“நீ எங்க சொல்லவிட்ட? எந்த லென்ஸு, எவ்வளவு நேரம் நின்னேன், எப்படிக் கழுவினேன்னு நீயே பேசிட்டுப் போயிடுவ. என்னைக்காவது கேட்டியா?”

பள்ளத்திலிருந்து பனி ஏறிவந்தது. அக்கா தன் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டாள். எழுபது வயது முகம் பன்னிரண்டு வயதுக்குப் போய் நின்றது. “இப்ப,” என்றாள். அவர் மலையைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

ஊர் திரும்பியதும் நேராக இருட்டறைக்குள் போனார். மருந்தில் முக்கி, கழுவி, எடுத்து விளக்கில் பிடித்தார். ஃபிலிம் பளிங்காக இருந்தது. மலையும் இல்லை, பனியும் இல்லை. தகட்டை உருவவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கற்றுக்குட்டி செய்கிற தப்பு, அதுவும் அன்றைக்குப் பார்த்து. கையிலிருந்த இடுக்கியைச் சுவரில் எறிந்தார். அது கீழே விழுந்து கிடந்தது.

மறுநாள் அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஃபேன். ஃபிலிமைக் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“என்னடா இது, ஒண்ணுமே இல்ல?”

“தகட்ட உருவ மறந்துட்டேன்க்கா.”

“கூறு கெட்டவனே. நாற்பது வருஷமா இதத்தான பண்ற?” என்று கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “அப்ப எதப் பாத்துட்டு இருந்த?”

“உன்னத்தான்.”

“போகட்டும் விடு. நான் நேர்லயே போயிட்டு வந்துட்டேன்ல. எனக்கு அது போதும்,” என்றாள். அவருக்குத்தான் போதவில்லை.

அக்கா ரயிலேறிப் போனாள். சலவைக் கடை ஷட்டரைப் பார்க்கப் பிடிக்காமல் ஸ்டூடியோக்காரர் வேறு தெரு வழியாகச் சுற்றி வந்தார். மத்தியானம் சும்மா இருக்கும்போது, அந்த மேசையின் சூடு, ஆவி எழும்பும்போது வரும் சத்தம், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையைத் துடைக்கிற அந்த அவசரம் எல்லாம் நினைவுக்கு வரும். அங்கே படத்தை நீட்டி நின்றபோதெல்லாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது. குறை சொல்ல ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று கடிகாரக்கடைக்காரரிடம் சொன்னார். “என் வீட்டுல வந்து இருந்து பாருங்க,” என்றார் அவர்.

இரண்டு ஞாயிறு பொறுத்தார், மூன்றாவதில் முடியவில்லை. காமிராவைப் பரணிலிருந்து இறக்கி, அதே காரில், அதே ஹாரனோடு மலையேறினார். வியூ பாயிண்டுக்குப் போகவில்லை. அந்த வளைவில் நிறுத்தினார். காமிராவை மலையை விட்டுத் திருப்பி, லாரி நின்ற அந்த வெற்று இடத்தைப் பார்க்க வைத்தார். இடிந்த சுவர், ஈரச் சரளை, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லாத பள்ளம். இதைப் போய் யார் படம் என்று சொல்வார்கள்? அவர் கவலைப்படவில்லை.

தகட்டை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டார், மறக்கக் கூடாதென்று. பொத்தானை நீள வயரோடு இழுத்துச் சட்டைப் பையில் செருகிவிட்டு ஓடை ஓரம் குந்தி, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டார். எலும்பில் ஊசி இறங்கியது. எடுக்கவில்லை. வலி ஏறி, விரல்கள் தன் விரல்களே இல்லை என்று ஆகும்வரை வைத்திருந்தார். இந்தக் கை ஒரு காலத்தில் எங்கே போய்ச் சூடு தேடியது என்பதை நினைவுபடுத்திப் பார்த்தார். லாரி நினைவுக்கு வரவில்லை, அப்பா சிரித்தது வரவில்லை. ஆனால் கைக்குச் சூடு வேண்டும் என்ற தவிப்பு வந்தது, அதைக் கொடுக்க இங்கே யாரும் இல்லை என்பதும் கூடவே வந்தது. வாயில் தகடு இருந்ததால் சத்தம் போட்டு அழவும் முடியவில்லை. பள்ளத்திலிருந்து பனி ஏறி வெற்று இடத்துக்குள் நுழைந்தது. எந்த வாசனையும் இல்லை. மரத்துப்போன விரல் பொத்தானை அழுத்த மறுத்தது. உள்ளங்கையால் அழுத்தினார்.

பிரதி எடுத்து, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, தபாலில் அனுப்பினார். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. லென்ஸைப் பற்றியும் எழுதவில்லை. தபால் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்ட நாளில் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் படம் எடுத்தார். ஒருவரிடம் சிரிக்காதீங்க என்று சொல்ல மறந்துவிட்டதால் மறுபடி எடுக்கவேண்டி வந்தது.

மத்தியானம் போன் அடித்தது. அக்கா மகன்.

“மாமா, படம் வந்துச்சு.”

“அம்மா பாத்தாளா? என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல மாமா.”

“நல்லாத்தான் இருக்குன்னுகூடவா சொல்லல?”

“இல்ல. ரொம்ப நேரம் கையில வெச்சுப் பாத்துட்டே இருந்தாங்க.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அப்புறம் ஃபேன நிறுத்தச் சொன்னாங்க. எனக்கு பயமாயிடுச்சு மாமா. இங்க வெயில் கொளுத்துது, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன். காய்ச்சல்லாம் இல்ல.”

ஸ்டூடியோக்காரர் பின்னால் கையை நீட்டித் தடவி, சுழல் ஸ்டூலைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

“நிறுத்துனியா?”

“நிறுத்திட்டேன். கைய ரெண்டையும் கக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. போடட்டுமா மாமா?”

“வேண்டாம்,” என்றார் ஸ்டூடியோக்காரர். “அவளா கேக்கற வரைக்கும் போடாத.”